கலப்பு வழியில் பிறந்தவர்கள் இரு வீட்டு முறைகளையும் கைக்கொள்வது எப்படி? ராமநாதபுரம் கரைக்கு ஒரு முழு வழிகாட்டி

வாப்பா கீழக்கரை, உம்மாவைப் பெற்றவர்கள் கொழும்பு மலாய் வீடு. அப்பா கமுதிப் பக்கம், அம்மா பாம்பன் கத்தோலிக்க வீடு. தாத்தா ரங்கூனில் கட்டிக் கூட்டிவந்த பாட்டிக்கு ஊரார் வைத்த பெயரே ‘பர்மாக்காரி’. ராமநாதபுரம் கரையில் இப்படிப்பட்ட குடும்பங்கள் புதிதல்ல. பெரியபட்டினத்தில் தோண்டினால் சீனப் பீங்கான் ஓடு கிடைக்கிற கரை இது. இருந்தும், இரண்டு பக்கமும் உறவுள்ள பிள்ளைகளுக்கு முறைகள் அரைகுறையாகத்தான் வந்து சேர்கின்றன. ஒரு பக்கத்துச் சாப்பாடு தெரியும், சடங்கு தெரியாது. இன்னொரு பக்கத்துத் திருவிழாவுக்குப் போவார்கள், எங்கே நிற்பது என்று தெரியாமல் செருப்பு விடுகிற இடத்திலேயே நிற்பார்கள்.

“ரெண்டும் என் பண்பாடுதான்” என்று சொன்னால் எந்த ஊரும் சேர்த்துக்கொள்ளாது. இந்தக் கரையில் ஒரு முறைக்குள் நுழைய நாலு வாசல் உண்டு: வேலை, வரி, மொய், இழவு. திருவிழாவுக்கு எரு இடித்துக் கொடுத்தவளை, உபயத்துக்கு அரிசி மூட்டை இறக்கியவனை, மொய் நோட்டில் பேர் உள்ளவனை, சாவுக்கு வந்து நின்றவனை ஊர் மறக்காது. கீழே சொல்வதெல்லாம் அந்த வாசல்களுக்குப் போகும் வழி. ஒரு முழு வருஷம் ஒதுக்குங்கள். அதற்குள் அவசரப்பட வேண்டாம்.

முதல் வேலை: வம்சத்தைப் பெண் வழியாகவும் எழுதுவது

நாலு தாத்தா பாட்டிகளில் தொடங்கி அவர்களைப் பெற்ற எட்டுப் பேர் வரை எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் அழைத்த பெயர், ஏட்டில் உள்ள பெயர், ஊர், தெரு, வீட்டில் பேசிய மொழி, அடக்கம் செய்த அல்லது எரித்த இடம் ஆகியவை வேண்டும். ஆண் வழி நாலு தலைமுறைக்குச் சுலபமாக வந்துவிடும். பெண் வழி இரண்டில் அறுந்துபோகும், ஏனென்றால் அவர்கள் ஊர் மாறிப் போனவர்கள். “பாட்டி எந்த ஊர்?” என்று கேட்டால் கட்டிக்கொடுத்த ஊரைத்தான் சொல்வார்கள். “மூத்த பிள்ளை எங்கே பிறந்தது?” என்று கேளுங்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கமாதலால், அந்தப் பதிலில் பாட்டி பிறந்த ஊர் வந்துவிடும்.

வருஷம் கேட்டால் பெரியவர்கள் திணறுவார்கள். அதற்கு இந்தக் கரையிலேயே அடையாளக் கல் உண்டு. “புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்றால் 1964 டிசம்பர். “இலங்கைக்கு தனுஷ்கோடியில் கப்பல் ஏறினாங்களா, ராமேஸ்வரத்திலா?” என்பதும் அதே கேள்விதான், தனுஷ்கோடி என்றால் 1914க்குப் பிறகு, 1964 புயலுக்கு முன்பு. பர்மா வீடுகளில் “ஜப்பான்காரன் குண்டு போட்டப்போ நடந்தே வந்தோம்” என்றால் 1942 பக்கம்.

ஏடுகளில் முதலில் தேட வேண்டியது மொய் நோட்டு. பழைய கல்யாண, காதுகுத்து மொய் நோட்டில் பெயர், ஊர், சில இடங்களில் உறவும் சேர்த்து எழுதியிருப்பார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் யார் யாரை உறவாக நினைத்தார்கள் என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தாள் பொடிந்துபோயிருக்கும்.

அடுத்தது கோயில், பள்ளிவாசல் ஏடுகள். பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயரோடு ஞானத்தாய், ஞானத்தந்தை பெயரும் இருக்கும்; அந்த இருவரும் பெரும்பாலும் நெருங்கிய சொந்தம். இன்று தனிப் பங்காக இருக்கும் ஊர் அன்று கிளை ஊராக இருந்திருந்தால், பழைய ஏடு தாய்ப் பங்கில் இருக்கும். பங்குத்தந்தையிடம் பத்து வருஷ இடைவெளி ஒன்றைச் சொல்லிக் கேளுங்கள். “எப்பவோ பிறந்தாங்க” என்றால் யாரும் புரட்டமாட்டார்கள். ஜமாத்தின் நிக்காஹ் தப்தரில் (திருமணப் பதிவேட்டில்) மணமக்களோடு, பெண்ணுக்குப் பொறுப்பாளராக நின்ற ‘வலி’யும், சாட்சிகளும், மணமகன் பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் தொகையும் பதிவாகியிருக்கும். கல்யாணத்தின்போது பெயர் மாற்றிக்கொண்ட அம்மாவின் பழைய பெயர் இங்கே கிடைக்காமல் போகலாம். அதற்குப் பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழைத் தேடுங்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்கள் வீட்டில் அந்தக் காலத்துக் குடும்ப அட்டை இருக்கும். மண்டபம் முகாம் வழியாக வந்த பல குடும்பங்கள் அதை இன்றும் பத்திரத்தோடு வைத்திருக்கின்றன.

டி.என்.ஏ. சோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம். எந்தக் கண்டம் என்று விழுக்காட்டில் சொல்லும். வேதாளையா மரைக்காயர்பட்டினமா என்று சொல்லாது.

இதோடு உறவுச் சொற்களையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அப்பத்தா, அம்மாச்சி, அயித்தை, மதினி. இன்னொரு பக்கம் வாப்பா, உம்மா, காக்கா (அண்ணன்), லாத்தா (அக்கா), சாச்சி (சித்தி). அந்தந்தப் பக்கத்தாரை அந்தந்தச் சொல்லால் கூப்பிடுங்கள். பெரியம்மாவை ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்டுவிட்டு அவரிடம் தாலாட்டுக் கேட்டால் வராது.

எதைத் தொடலாம், எதைக் கேட்டுச் செய்யலாம், எதை விட வேண்டும்

அடுப்படி, தாலாட்டு, உறவுச் சொல், உடை இவற்றுக்கு யார் அனுமதியும் வேண்டாம். முளைப்பாரி வைப்பது, காப்புக் கட்டுவது, சப்பரம் தூக்குவது, காதுகுத்தில் தாய்மாமன் மடி இவை ஊரிடமோ உறவிடமோ கேட்டுப் பெற வேண்டியவை. மூன்றாவது வகை, நம்பிக்கை உள்ளவர்களுக்கே உரியது. பூசையில் நற்கருணை வாங்கும் வரிசை அதில் ஒன்று. கத்தோலிக்க ஞானஸ்நானமும் புதுநன்மையும் பெறாதவர் இருக்கையிலேயே இருந்துவிடலாம், யாரும் தப்பாக எண்ண மாட்டார்கள். தொழுகை வரிசையும், சாமியாடி முன்னால் குறி கேட்பதும் அப்படியே. பார்த்துப் பழகுங்கள், நடித்துக் காட்டாதீர்கள்.

ஒரே மதத்துக்குள்ளும் வீட்டுக்கு வீடு பிளவு உண்டு. ஏர்வாடி தர்கா சந்தனக்கூட்டுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களும், மவ்லிது (நபி புகழ்ப் பாட்டு) ஓதுவதே கூடாது என்கிறவர்களும் ஒரே தெருவில் இருப்பார்கள். சீரணி (ஓதி முடித்துப் பங்கிடும் பலகாரம்) வாங்கிக்கொண்டு போவதற்கு முன், “நம்ம வீட்ல ஓதுறதுண்டா லாத்தா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வேலை, அடுப்படியில்: தொதல்

அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டும் கீழக்கரைத் தொதல் தானே ஒரு கலப்புப் பிறவி. மலாய் நாட்டில் தென்னஞ்சர்க்கரை, இலங்கையில் கித்துள் கருப்பட்டி, இங்கே பனங்கருப்பட்டி. மூன்று ஊர்ப் பாட்டிகளும் தங்கள் ஊர்ச் சர்க்கரைதான் சரி என்பார்கள். ராமநாதபுரத்தில் நிற்பது பனை, கருப்பட்டி போடுங்கள்.

பச்சரிசி 250 கிராம், முற்றிய தேங்காய் நடுத்தரமாக 4, கருப்பட்டி 600 கிராம், முந்திரி 50 கிராம், ஏலக்காய் 6, உப்பு ஒரு சிட்டிகை. அரிசியை 3 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, மாவாக்கிச் சலித்துக்கொள்ளுங்கள். கருப்பட்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். மண்ணும் சுண்ணாம்பும் அடியில் தங்கும், இதை விட்டால் பல்லில் நறநறக்கும். தேங்காயில் கெட்டியான முதல் பாலைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இரண்டாம் மூன்றாம் பால் சேர்த்து ஒரு லிட்டர் எடுங்கள்.

மாவை ஆறிய இரண்டாம் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, ஆறிய பாகை ஊற்றுங்கள். சூடான பாகு பட்டால் மாவு அங்கங்கே வெந்து கட்டி தட்டும், பிறகு எத்தனை கிண்டினாலும் உடையாது. அடி கனத்த உருளியில் நடுத்தரத் தீயில் கிண்டினால் 20 நிமிஷத்தில் கூழ்ப்பதம் வரும். அப்போது தீயைத் தணித்து முதல் பாலை நாலு தடவையாகச் சேர்க்க வேண்டும். அதன் பிறகுதான் உண்மையான வேலை: ஒன்றரை மணி நேரம், கரண்டி அடியைத் தொட்டுத் தொட்டு வர, விடாத கிண்டல். ஒரு மணி நேரம் கடந்ததும் ஓரத்தில் எண்ணெய் பிரியும். அதை வழித்துக் கிண்ணத்தில் எடுங்கள், தட்டில் தடவ உதவும். மொத்தமும் ஒரே உருண்டையாகச் சட்டியை விட்டு எழும்பி, கறுத்து மின்னி, ஒரு துளியைத் தண்ணீரில் போட்டு எடுத்தால் விரலில் ஒட்டாமல் இருந்தால் பதம். முந்திரி, ஏலம், உப்புச் சேர்த்துத் தட்டில் அழுத்தி, ஒரு ராத்திரி ஆறவிட்டு வெட்டுங்கள்.

கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். கை வலித்து, எண்ணெய் பிரியும் முன்பே இறக்கிவிடுவது ஒன்று. ஈரம் போகாத தொதல் பல்லில் ஒட்டும், நாலு நாளில் பூஞ்சணம் பூக்கும். அடி பிடித்த பிறகு சுரண்டுவது இன்னொன்று. தீய்ந்த வாடை வந்த உடனே சுரண்டாமல் மேலே உள்ளதை வேறு சட்டிக்கு மாற்றினால் தப்பிக்கும்.

இது ஒருவர் செய்யும் பலகாரம் இல்லை, கை மாற்ற ஆள் வேண்டும். அந்த ஆள் உங்கள் வாப்பா வழி மாமியாக இருக்கட்டும். நாற்காலி போட்டு உட்காரவைத்துப் போனை நீட்டிக் கேட்டால் நாலு வரி சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறவர், அடுப்புக்கு முன் இரண்டு மணி நேரம் நிற்கும்போது தானாகச் சொல்வார்: கொழும்பிலிருந்து யார் வந்தது, எந்தக் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டது, யாருக்கு எந்த வீடு கொடுத்தது எல்லாம்.

வேலை, ஊர்ப் பொதுவில்: முளைப்பாரி

உங்கள் அம்மாவோ அப்பத்தாவோ முளைப்பாரி எடுக்கும் ஊர்க்காரர் என்றால், திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே போய்க் கேளுங்கள். பல ஊர்களில் கட்டிக்கொடுத்த பெண் பிறந்த ஊருக்கு வந்து பாரி வைக்கலாம். அவள் மகளுக்கு உண்டா என்பது ஊருக்கு ஊர் மாறும். கேட்க வேண்டியது தலைவரை அல்ல, முளைப்பாரி அறையைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பெண்ணை. அவர் சரி என்றால் மற்றவர்கள் மறுப்பது கஷ்டம். முதல் வருஷம் பாரி கிடைக்காவிட்டாலும் எரு இடிக்க, தண்ணீர் சுமக்க ஆள் எப்போதும் தேவை.

ஒன்றரை அடி வாய் உள்ள மண்சட்டியில் அடியில் ஓட்டை வேண்டும். அதில் இரண்டு விரற்கடை வைக்கோல், அதன் மேல் காய்ந்து மக்கிய எருவை இடித்துச் சலித்து மூன்று அங்குலம். பச்சைப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, சோளம் எல்லாம் சேர்த்து 300 கிராம், ஒரு ராத்திரி ஊறியது. நெல் மெதுவாகத்தான் முளைக்கும், அதை ஒரு நாள் முன்னதாகவே ஊறப்போட வேண்டும். நெருக்கமாகப் பரப்பி, மேலே மெல்லிய எருப்பொடி தூவி, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது.

அறை கும்மிருட்டாக இருக்க வேண்டும். வெளிச்சம் இல்லாத பயிர் வெளிச்சத்தைத் தேடி நீளும். அதனால்தான் எட்டு ஒன்பது நாளில் ஓரடி உயர்ந்து வெளிறிய மஞ்சளாக நிற்கிறது. ஜன்னல் இடுக்கில் வெயில் கீற்று விழுந்தால் அந்தப் பக்கம் மட்டும் பச்சையாகிக் குட்டையாக நிற்கும், மற்றது அதை நோக்கிச் சாயும். தண்ணீர் அதிகமானால் மூன்றாம் நாள் புளித்த வாடை வரும். உடனே தெளிப்பதை ஒரு வேளையாகக் குறைத்து, ஓட்டை அடைத்திருக்கிறதா பாருங்கள். பாரி சரியாக வராவிட்டால் “வீட்டுக் குறை” என்று பேச்சு எழும், கலப்பு வீட்டுப் பெண் என்றால் அந்தப் பேச்சு இன்னும் கூடும். எனவே வீட்டில் ஒரு சின்னச் சட்டியில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போவது புத்திசாலித்தனம்.

ராத்திரி முளைக்கொட்டுத் திண்ணையைச் சுற்றிக் கும்மி கொட்டும்போது பாட்டுத் தெரியாவிட்டாலும் தட்டுத் தவறாமல் இருந்தால் போதும். காப்புக் கட்டிக்கொண்டால் திருவிழா முடியும்வரை வெளியூரில் தங்கக் கூடாது, கவிச்சியும் ஆகாது. இரண்டு நாள் லீவு மட்டும் கிடைத்தவர்கள் காப்புக் கட்டாமல் வேலை மட்டும் செய்வதே மரியாதை.

நாட்கள்

ஒரு நாள்காட்டியில் இரண்டு பக்கத்து நாட்களையும் குறியுங்கள். ஆடி அமாவாசை ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள் வரும்; ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலும் சேதுக்கரையிலும் அன்று நிற்க இடம் இருக்காது. நோன்பும் பெருநாளும் சந்தனக்கூடும் பிறைக் கணக்கு, வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். போன வருஷத் தேதியை நம்பி டிக்கெட் போடாதீர்கள். ஓரியூரில் கத்தோலிக்கர் புனிதராக வணங்கும் அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டுண்டவர். அந்தத் தேதி நகராது. கல்லறைத் திருநாள் நவம்பர் 2.

இரண்டு பக்கமும் ஒன்றாகச் சாப்பிட வேண்டிய நாளில் மீன் சமைப்பது சுலபம். மீனுக்கு அறுப்பு முறை கிடையாது, ஹலால் கேள்வி எழாது. தவக்கால வெள்ளிக்கிழமையிலும் கத்தோலிக்கர் மீன் சாப்பிடுவார்கள். காப்புக் கட்டியவர் இருந்தால் மட்டும் சாம்பார்.

வரியும் மொய்யும்

ஊர்த் திருவிழாவில் தலைக்கட்டு வரி என்பது வெறும் நன்கொடை அல்ல. வரி கொடுத்தவருக்கு முறையும் மரியாதையும் பங்கும் உண்டு, அதனால் வெளியே கல்யாணம் செய்தவர் பிள்ளையிடம் வரி வாங்க ஊர்க் கமிட்டி யோசிக்கும். அங்கே மல்லுக்கு நிற்காமல் உபயத்தில் தொடங்குங்கள்: ஒரு நாள் அன்னதானத்துக்கு அரிசி, மைக்செட் வாடகை, பூமாலை. ரசீதில் உங்கள் பெயரோடு “இன்னார் மகள் வயிற்றுப் பேரன்” என்று எழுதச் சொல்லுங்கள். அந்த நாலு வார்த்தை ஊர் நோட்டில் ஏறுவதுதான் முக்கியம், தொகை அல்ல. பள்ளிவாசலிலும் பங்குக் கோயிலிலும் சந்தா நோட்டு இதே வேலையைச் செய்கிறது.

மொய்க்குப் போகும் முன் உங்கள் வீட்டு நோட்டைப் பாருங்கள். அவர்கள் 501 செய்திருந்தால் நீங்கள் அதற்குக் குறையக் கூடாது. எழுதுகிறவரிடம் வேலை பார்க்கும் ஊரைச் சொல்லாமல் சொந்த ஊரைச் சொல்லுங்கள். ‘சென்னை’ என்று எழுதினால் இருபது வருஷம் கழித்து அது யார் என்று யாருக்கும் தெரியாது. முஸ்லிம் வீடுகள் சிலவற்றில் மொய் எழுதும் வழக்கம் இல்லை, உறையில் வைத்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் பிள்ளைக்குக் காதுகுத்து என்றால் தாய்மாமன் எந்த மதமானாலும் தேதி குறிக்கும் முன் அவரிடம் சொல்லுங்கள். பத்திரிகை அடித்த பிறகு சொல்வதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம்.

காகித விஷயம் இரண்டு வரியில். தமிழ்நாட்டில் சாதி கலந்த மணத்துப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் உறுதிமொழிப்படி தந்தை அல்லது தாயின் சாதியில் சான்று வாங்கலாம். சான்றில் ஒரு பக்கம் இருப்பதால் இன்னொரு பக்கத்து முறையை விட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

எல்லா ஊரும் கதவைத் திறக்காது என்பதையும் மறைக்க வேண்டாம். சாதி மாறிக் கட்டியவர்களின் பிள்ளைகள் போய் நிற்பதே ஆபத்தான ஊர்கள் உண்டு. அங்கே திருவிழா நாளில் தனியாகப் போய் உரிமையைச் சோதித்துப் பார்க்காதீர்கள். சாதாரண நாளில், உள்ளூர்க்காரர் ஒருவரோடு போங்கள். மிரட்டல் வந்தால் போலீசில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். இலவசச் சட்ட உதவிக்கு எண் 15100.

இழவு

இதற்குத்தான் முன்கூட்டித் தயாராக வேண்டும், யாரும் ஆவதில்லை. முஸ்லிம் வீட்டில் பெரும்பாலும் அன்றே அடக்கம், செய்தி வந்த நிமிஷமே கிளம்ப வேண்டும். மையத்தை (இறந்தவர் உடலை)க் குளிப்பாட்டுவது ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். உடலைச் சுற்றும் கபன் துணி ஆணுக்கு 3, பெண்ணுக்கு 5. முகம் பார்க்க வேண்டிய மற்ற மத உறவினர்களைக் கபனிட்டு மூடும் முன் கூப்பிட்டு விடுங்கள். இந்து வீட்டில் நீர்மாலை, கோடி (புதுத்துணி) போடுவது, கொள்ளி, பிறகு கருமாதி. கருமாதி எத்தனையாவது நாள் என்பது வீட்டைப் பொறுத்தது. கத்தோலிக்க வீட்டில் அடக்கப் பூசைக்குப் பங்குத்தந்தையின் நேரம் கேட்டுத்தான் மற்றதெல்லாம்.

சண்டை வரும் இடம் பிறந்த வீட்டுக் கோடி. முஸ்லிமாகவோ கிறிஸ்தவராகவோ வாழ்ந்து இறந்த அம்மாவுக்கு அவர் அண்ணன் தம்பி கோடி எடுத்துக்கொண்டு வருவார்கள். கபனுக்கு மேல் போர்த்த முடியாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினால் அந்த உறவு அன்றோடு முடிந்தது. வீட்டின் மூத்த பெண் முன்னால் போய் இரு கையாலும் வாங்கிக்கொள்ளட்டும். துணியை உடல் மேல் போடாமல், அம்மாவின் பெயரால் இல்லாத ஒருவருக்குக் கொடுக்கலாம் என்று அவர்களிடமே சொல்லிவிடுங்கள். இந்த ஏற்பாட்டை அம்மா உயிரோடு இருக்கும்போதே மாமன்மார் காதில் போட்டு வைத்தால், அன்று விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு தாளில் எழுதுங்கள்: யாரை எங்கே, எந்த முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும், இரண்டு பக்கத்திலும் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும், ஜமாத் செயலாளர், உபதேசியார், ஊர்ப் பெரியவர் போன் எண்கள். அவரவர் தங்களுடையதைத் தாங்களே சொல்லி, கீழே கையெழுத்துப் போடட்டும். பீரோவில் பூட்டி வைக்காமல் ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே வையுங்கள், ராத்திரி இரண்டு மணிக்குத் தேடினாலும் கைக்கு வரும்.